கடைசி ஆள் பலகையைத் துடைக்க வேண்டும்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், நஞ்சன்கூட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியின் கூட்ட அறையில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையை நான் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அறையை விட்டுக் கடைசியாகக் கிளம்பியது நான். கை தானாகப் போய் டஸ்டரை எடுத்தது. ஓரம் ஓரமாக, ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்காமல் துடைத்தேன். மேஜையில் கிடந்த கிறுக்கல் தாள்களைக் கிழித்துப் போட்டேன். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அந்தப் பலகையில் இருந்தது நான்கு இன்ஜினியர்களின் பல நாள் உழைப்பு. டீ குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் வெறும் வெள்ளையைப் பார்த்து அப்படியே நின்றார்கள். அவர்களில் மூத்தவர் கேட்டார்: "யாரு அழிச்சது?"

"நான்தான்."

"ஏன் மேடம்?"

"கடைசியா வெளிய வந்தது நான்தானே?"

இது ஒரு பதில் என்று அந்த நிமிஷம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ராணுவத்தில் நான் இருந்த இடத்தில் அதுதான் வழக்கம். ஃபோனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போவோம். பேச வேண்டியதைப் பலகையில் எழுதிப் பேசுவோம். கடைசி ஆள் துடைத்துவிட்டு வர வேண்டும். ஒரு தாளும் வீட்டுக்கு வராது. அங்கே என் வேலை புரோகிராம் மேனேஜர். அடிபட்ட சிப்பாயை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு என்னென்ன சாமான் வேண்டுமோ, அவற்றை டாக்டர்களிடம் கேட்டு, இன்ஜினியர்களை விரட்டிச் செய்யவைத்து, பாலைவனத்திலும் பனியிலும் கொண்டுபோய்ச் சோதித்து, பாஸ் வாங்குவது. நான் எதையும் கண்டுபிடித்தவள் இல்லை. கண்டுபிடிக்கிறவர்கள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டவள்.

ஓய்வு பெற்று மைசூருக்கு வந்து விஜயநகரில் வீடு பிடித்த பிறகுதான், அத்தனை வருஷ வேலையைப் பற்றி வெளியே சொல்லக்கூடியது அரைப் பக்கம்கூடத் தேறாது என்று தெரிந்தது. இன்டர்வியூவுக்குப் போன இடமெல்லாம் "நீங்க செஞ்ச ஒரு புராஜெக்ட் பத்திச் சொல்லுங்க" என்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருத்துவம் சம்பந்தப்பட்டது" என்பேன். எதிரில் இருக்கும் பையன் பேனாவை மூடிவிடுவான். அவனைக் குறை சொல்லி என்ன? எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

நஞ்சன்கூட்டு முதலாளி மட்டும் மேற்கொண்டு கேட்கவில்லை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். பாதிப் பேச்சு கன்னடத்திலேயே வரும். மருந்துகளைக் குளிரில் வைத்துக் கொண்டுபோகும் பெட்டிகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அடுத்ததாக, கரண்ட் இல்லாமலே ரத்தப் பைகளைச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதைச் சொன்னபோது என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறேன் என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

ராணுவத்தில் நாங்களும் அதே பெட்டியைத்தான் செய்திருந்தோம்.

ரத்தத்தைச் சில்லென்று வைத்திருப்பது பெரிய வித்தை இல்லை. ஐஸ் வைத்தால் போதும். ஆனால் ஐஸை ஒட்டிய பக்கம் ரத்தம் உறைந்துபோகும். ஒருமுறை உறைந்த ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றினால் அது அவனைக் காப்பாற்றாது, கொன்றுவிடும். எங்கள் பெட்டி இரண்டு முறை இதில்தான் தோற்றது. மூன்றாவது முறை வழி கிடைத்தது. வெகு எளிமையான வழி, கேட்டால் சிரிப்பீர்கள். அது என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். பாலைவனத்தில், மத்தியான வெயிலில், எங்கள் பெட்டிக்குள் ரத்தம் அப்போதுதான் எடுத்தது மாதிரி கிடந்தது. பிறகு தேவைகள் மாறிவிட்டன என்று திட்டத்தை மூடினார்கள். பெட்டிகள் ஏதோ ஒரு கிடங்குக்குப் போயின. வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் போட்ட கையெழுத்து மட்டும் மூடப்படவில்லை.

பலகையைத் துடைத்த அன்று நடந்ததுக்கு வருகிறேன். ஃபோனில் படம் எடுத்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். பாதியை எடுத்திருந்தார்கள். மீதியை வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். சோதனை அளவுகள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்துப் போட்ட கணக்கும், அதைச் சுற்றி நடந்த சண்டையும் பலகையில் மட்டும்தான் இருந்தன.

"கொஞ்சம் தள்ளுங்க," என்று மார்க்கரை வாங்கினேன். தாள் எடுத்துப்போக முடியாத இடத்தில் வேலை பார்த்தவளுக்குத் தலைதான் பீரோ. இடது மூலையிலிருந்து எழுத ஆரம்பித்தேன். யார் எதை எந்த நிற மையில் எழுதினார்கள் என்பதுவரை ஞாபகம் இருந்தது. பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. முதலாளியும் வந்து கதவோரம் நின்றார். கடைசி வரிக்கு வந்தேன். அடி மூலையில் உறைகிறது, காரணம் தெரியவில்லை என்று அவர்கள் விட்டிருந்த இடம். எழுதி முடித்தேன்.

கை நிற்கவில்லை. அதற்குக் கீழே, அடுத்த வரியை எழுதுவதற்காக மார்க்கரின் முனை பலகையைத் தொட்டுவிட்டது. ஒரு சின்ன நீலப் புள்ளி விழுந்தது. அத்தோடு கையைக் கீழே இறக்கினேன்.

மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர்களை அனுப்பிவிட்டு முதலாளி என் பக்கத்தில் வந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"மேடம், இதுக்கு மேல உங்களுக்குத் தெரியும், அல்வா? இல்லையா?"

"தெரியாது சார்."

சர்வீஸில் இருந்தவரை நான் பொய் சொன்னதில்லை. சொல்ல முடியாததைச் சொல்லாமல் இருப்பேன், அவ்வளவுதான். அங்கே எதிரில் இருக்கிறவருக்கும் அது புரியும். இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே பதிலாகிவிடும். அதனால் முதல் தடவையாகப் பொய் சொல்ல வேண்டிவந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி, பர்வாயில்லா," என்று போய்விட்டார்.

அன்று இரவே பழைய அலுவலகத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்டேன். அது ஆயுதம் இல்லை, ரத்தம் வைக்கும் பெட்டி. சிவில் ஆஸ்பத்திரிகளுக்குப் பயன்படும், சொல்ல அனுமதி தாருங்கள் என்று. பதில் இல்லை. ஃபோன் செய்தால், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிவிட்டார் என்றார்கள். புதியவருக்கு அப்படி ஒரு திட்டம் இருந்ததே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி அனுமதி தருவார்? நானும் அவர் நாற்காலியில் இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இந்த நேரத்தில் என் தங்கை ஹனூரிலிருந்து செக்கப்புக்காக மைசூர் வந்தாள். எங்களுக்குச் சொந்த ஊர் அது. அவளை அங்கேயே கட்டிக்கொடுத்திருந்தோம். சில வருஷம் முன்பு பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல், அங்கே ரத்தம் இல்லை என்று கொள்ளேகாலுக்கு அனுப்பி, அங்கேயும் அவள் வகை ரத்தம் இல்லை என்று மைசூருக்கு அனுப்பினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அப்போது நான் பாலைவனத்தில் இருந்தேன். என் முன்னால் அந்தப் பெட்டியில் ரத்தம் கெடாமல் இருந்தது. யாருக்கும் தேவைப்படாத, சோதனைக்கென்று எடுத்த ரத்தம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாப்பிடும்போது என் கணவர் பேச்சு வாக்கில், "உங்க அக்கா கம்பெனியில ரத்தம் கொண்டுபோற பெட்டி செய்யறாங்க, சின்ன ஊருக்கெல்லாம் அனுப்ப," என்றார். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, கம்பெனி விளம்பரத்திலேயே போட்டிருந்தது.

தங்கை சாப்பிட்ட கையோடு அப்படியே நிமிர்ந்தாள். "நெசமாவா அக்கா? நம்மூரு ஆஸ்பத்திரிக்கும் வருமா?"

"பார்க்கலாம்டி."

"பாக்கலாம்னா எப்புடி? நீ சொன்னாக் கேப்பாங்கல்ல? மொத பெட்டி நம்மூருக்குத்தான் அனுப்போணும், சொல்லிப்போட்டேன்." என் தட்டைப் பார்த்து, "என்னக்கா, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கறே?" என்றாள்.

அவள் பஸ் ஏறிய பிறகு இரண்டு நாள் அந்த அடுத்த வரி தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கே போய் எழுதிவிடலாம் என்று காலையில் கிளம்புவேன். நஞ்சன்கூடு வருவதற்குள், இன்றைக்கு நல்ல காரணம் என்று இதைச் சொன்னால், நாளைக்கு இன்னொருவருக்கு இன்னொரு நல்ல காரணம் இருக்குமே என்று தோன்றும். நான் கட்டிக்காத்த ஒழுங்கு என்னையே கட்டிப்போட்டிருந்தது. போய் என் இடத்தில் உட்கார்ந்து மெயில் பார்ப்பேன்.

ஆறு மாதம் முடிந்தது. உறைகிற மூலை உறைந்துகொண்டேதான் இருந்தது. முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரத்தப் பெட்டியை நிறுத்திடலாம்னு இருக்கேன் மேடம். ஆகல்ல. இன்சுலின் பெட்டிக்கு ஆர்டர் இருக்கு, அதைப் பார்க்கலாம்." பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். என்னை நிரந்தரம் செய்யும் கடிதம். "நீங்க ஏன் சொல்லலைன்னு எனக்குக் கொத்து, தெரியும். பழைய இடத்து விஷயத்தை இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கிறவங்க, நம்ம விஷயத்தையும் வெளிய விடமாட்டாங்க. அந்த நம்பிக்கைலதான் குடுக்கறேன்."

கூடவே இன்னொரு காகிதமும் இருந்தது. கம்பெனியில் அறிந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி. கையெழுத்துப் போட்டேன். எனக்கு அது பழகிய வேலைதானே.

"ஹாங், மேடம், கூட்ட ரூம் பலகையை யாரும் தொடல. உங்களுக்குப் பயந்துக்கிட்டு," என்று சிரித்தார். "இனி வேணாம். நீங்களே துடைச்சிடுங்க."

போனேன். நான் திரும்ப எழுதிக்கொடுத்த கணக்கு அப்படியே இருந்தது. கடைசி வரிக்குக் கீழே அந்த நீலப் புள்ளியும். வாழ்க்கையில் எத்தனையோ பலகைகளை யோசிக்காமல் துடைத்த கை, அன்றைக்கு டஸ்டரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா தொங்கியது. பிறகு துடைத்தேன். புள்ளி காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். வேலை நிரந்தரமான செய்தியை என் கணவர் அதற்குள் சொல்லியிருந்தார்.

"ரொம்ப சந்தோசம் அக்கா. அந்தப் பொட்டி எப்ப வருது?"

"அது வரலைடி. நிறுத்திட்டாங்க."

"ஏனாம்?"

"ஒரு இடத்துல ரத்தம் உறைஞ்சுபோவுது. சரி பண்ணத் தெரியல."

சின்ன வயதில் அவள் விழுந்து அழுதால் நான் பேசுவேனே, அந்தக் குரலில் சொன்னாள்: "அதுக்கு நீ என்னக்கா பண்ணுவே? தெரிஞ்சா செய்யாமயா இருந்திருப்பே? மனசப் போட்டு ஒளப்பிக்காத. சித்தெ படு, போ."