தேடப் போனவர்களெல்லாம் வெளியே போகலாம்

ஊரே ஒருத்திக்கு உதவி செய்தால் அவளுக்கு ஒரு காரியமும் நடக்காது. சந்தேகம் இருந்தால் எங்கள் ரோவீனா பெரியம்மாவைக் கேளுங்கள். கேட்டபின் ஓடிவிடுங்கள்.

பெரியம்மா பள்ளிக்கூடச் சமையற்காரி. இந்த மிசௌரி மலைக்காட்டுக் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், பாதிப் பேர் அவள் போட்ட மக்ரோனியைத் தின்று வளர்ந்தவர்கள். மீதிப் பேர் அதைத் திட்டி வளர்ந்தவர்கள். அவளுடைய தம்பி வென்டல் மாமா, பழுதான வண்டிகளை இழுத்து வரும் லாரி வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன், மான் வேட்டை தொடங்கிய வாரம், காணாமல் போனார். லாரி மட்டும் கூட்டாளி ஹாஸ்க் பீவியின் கொட்டகை வாசலில் சாவியோடு நின்றது. ஹாஸ்க் அடுத்த வாரமே மாமாவின் துப்பாக்கியை விற்றான். என்ன நடந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? உடல் கிடைக்கவில்லை, உடல் இல்லாமல் வழக்கு நிற்காது என்று பழைய அரசு வக்கீல் கையை விரித்துவிட்டார்.

பெரியம்மா விடவில்லை. சனிக்கிழமை தவறாமல் சர்ச் வாசலில் பிஸ்கட் ரொட்டியும் கறிக்குழம்பும் வைத்து ஊரைக் கூட்டுவாள். தின்றவன் காட்டுக்குள் இறங்கித் தேடியே ஆக வேண்டும். வராதவனை மறுநாள் சர்ச்சில் பெயர் சொல்லி விசாரிப்பாள். அதற்குப் பயந்து, இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கூட ஊன்றுகோலோடு வந்து பள்ளம் பள்ளமாகக் குத்திப் பார்த்தார்.

போன வருஷம் புது அரசு வக்கீல் வந்தார். கோரா லிண்ட்ஸ்ட்ராம், சின்ன வயசுப் பெண், வேகமான நடை. கிராண்ட் ஜூரியிடம் கொண்டுபோகலாம், அவர்கள் சரி என்றால் குற்றப்பத்திரிகை வந்துவிடும், ஹாஸ்க்கைப் பிடிக்கலாம் என்றார். கிராண்ட் ஜூரி என்றால் யாரோ இல்லை, சீட்டு விழுந்த ஊர்க்காரர்கள்தான். பெரியம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் அவள் ஆட்கள் அல்லவா?

அதுதான் வினை. முதல் நாளே நீதிபதி, காணாமல் போனவரைத் தேடப் போனவர்கள் கை தூக்குங்கள் என்றார். மொத்த அறையும் கை தூக்கியது. சிலர் பெருமையில் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஒரு பக்கம் சாய்ந்தவர்கள் ஜூரிக்கு ஆகாது என்று அத்தனை பேரையும் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். மறுபடி சீட்டு எடுத்தார்கள், மறுபடி கைகள்.

"ஏம்மா, இந்தக் கவுண்டில தேடாத ஆளே இல்லையா?" என்று கோரா கேட்டாராம்.

"இருக்கானுங்க. சோம்பேறிப் பயலுவ," என்றாள் பெரியம்மா.

கடைசியில் அந்தச் சோம்பேறிப் பயல்களை வைத்துத்தான் ஜூரி அமைந்தது. அதற்குத் தலைவர் மெர்ல் டகெட், பெரியம்மாவின் எதிர்வீட்டுக்காரர். மூன்று வருஷமாக ஒரு சனிக்கிழமைகூட வராதவர். கேட்டால், வென்டல் ஊரை விட்டு ஓடிவிட்டான், வளர்ந்த ஆம்பிளை, பசித்தால் திரும்பி வருவான் என்பார். அதற்காகப் பெரியம்மா அவரைக் கடைத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

இப்போது அவர் பக்கம் திரும்பக்கூடாது என்று கோரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு குட்மார்னிங் சொன்னாலும் வழக்கு கெட்டுப்போகும். மெர்ல் வீட்டு ஆடுகள் வேலி தாண்டி வந்து பெரியம்மாவின் பீன்ஸ் கொடியை மேய்ந்தன. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு கொடி நடுவே நின்றாள். ஆடு அவளைப் பார்த்துக்கொண்டே மென்றது. அவள் வாழ்க்கையில் ஆட்டைக்கூடத் திட்டாமல் இருந்தது அந்த வாரம்தான்.

உள்ளே யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், ஒன்றும் வெளியே வராது. ரகசியத்துக்குச் சத்தியம் வாங்கிவிடுவார்கள். பெரியம்மா கோர்ட் நடையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து மூடுகிறவர்களின் முகத்தைப் படித்து ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கோர்ட்டில் வாசித்தார்கள். ஹாஸ்க் பீவி, வென்டலைக் கொன்றான் என்று குற்றம் சாட்டப்படுகிறான். கீழே ஜூரித் தலைவர் மெர்ல் டகெட்டின் கையெழுத்து. ஷெரீஃபின் போலீஸ் ஆட்கள் காலையிலேயே ஹாஸ்க்கைப் பிடித்துவிட்டார்களாம். ஜனங்கள் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பைக் காணோம். மூன்று வருஷமாக இதற்குத்தான் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினாள். கிடைத்தும் அலுத்துக்கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நடையில் மெர்ல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள நடந்ததச் சொல்லக்கூடாது, ரோவீனா."

"நான் கேக்கல."

அவர் போகவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் வென்டல் ஓடிட்டான்னுதான் நெனச்சேன். நெசமா."

பெரியம்மா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக அவள் திட்டித் தீர்த்த அந்த ஒருவர்தான், மாமா உயிரோடு இருக்கிறார் என்று நம்பிய கடைசி ஆள்.

"நீயாவது அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல, மெர்ல்," என்றாள்.

மெர்ல் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். கோர்ட்டைப் பூட்ட வந்த ஆள் சாவியைக் குலுக்கிவிட்டு, அவர்களைப் பார்த்ததும் மேல்மாடியை முதலில் பூட்டப் போனார்.