நியூட்ரல்லதானே இருக்கு?

தெருவில் எல்லோரும் அவளை லாண்டரி அக்கா என்பார்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில். வண்டியும் அவளே ஓட்டுவாள்.

விவாகரத்தின்போது வீடு இரண்டாகப் பிரிந்தது. கீழ்த்தளம் அவளுக்கு, மாடி, தையல்காரனான முன்னாள் கணவனுக்கும் அவன் அம்மாவுக்கும். முற்றம் பொது. பழைய டீசல் பிக்கப் அவளிடம் வந்தது. அவன் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு அடங்கவில்லை. தீர்ப்பு வந்த அன்றே அவள் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு இறங்கிவிட்டாள். அதுவும் அவனுக்கு ஆறவில்லை.

அன்று காலை மூட்டைகளை ஏற்றி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டுச் சாவியைத் திருகினாள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருகினாள், மறுபடி டக். முகப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஹாரன் ஊரைக் கூட்டியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

முந்தின நாள் வரை ஓடிய வண்டி. சந்தேகப்பட அவளுக்கு வேறு ஆளே தோன்றவில்லை. இறங்கி மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"என் வண்டியில என்னடா பண்ணி வெச்ச? இறங்கி வா கீழே!"

அவன் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றான். "அதைத் தொட்டா என் கை அழுகிடும்."

"நேத்து ஓடின வண்டி இன்னிக்கு ஏன் நிக்குது?"

"உன்கூடக் குப்பை கொட்ட முடியாம நின்னிருக்கும். மனுஷன் என்னாலயே முடியல, அது பாவம் இரும்பு."

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தாள். "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டாளா? அந்த வண்டிக்கு வாய் இருந்தா அதுவும் கோர்ட்டுக்குப் போயிருக்கும்!"

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.

அவள் பானெட்டைத் தூக்கினாள். மெக்கானிக்குகளிடம் ஏமாந்து ஏமாந்தே கொஞ்சம் கற்றுக்கொண்டவள். சீட்டுக்கு அடியில் மின்சாரம் அளக்கிற மீட்டர் ஒன்று எப்போதும் கிடக்கும். பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். பழுதில்லை. முனைகளும் சுத்தமாக, இறுக்கமாக இருந்தன. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ எங்கோ அடைப்பு. அதைக் கண்டுபிடிக்க, மீட்டரின் கம்பிகளை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கும்போதே ஒருவர் சாவியைத் திருக வேண்டும். முற்றத்தில் அவனைத் தவிர ஆளில்லை.

"உட்கார்ந்து சாவியைத் திருப்பு."

"கெஞ்சறியா?"

"எனக்கென்ன? வண்டி கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. உன் ஸ்கூட்டரும்தான் வெளியே போகாது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். பழக்கதோஷம், கை தானாக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியது.

"சீட்டைத் தொடாதே!"

அவள் எஞ்சின் பக்கம் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். முன்னால் வண்டியின் மூக்கு, முதுகுக்குப் பின்னால் மதில். கியர் விழுந்திருந்து திடீரென்று எஞ்சினுக்கு உயிர் வந்தால் வண்டி எகிறும்.

"நியூட்ரல்லதானே இருக்கு?"

"ஆமா."

அவள் நிமிர்ந்து, சுற்றி வந்து, அவனுக்கு மறுபக்கக் கதவைத் திறந்து, கியர்க் கம்பைத் தானே ஆட்டிப் பார்த்தாள். நியூட்ரலில்தான் இருந்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்த்தாள்.

அவன் முகம் கறுத்தது. "ஏத்திக் கொன்னுடுவேன்னு நினைச்சியா?"

"நினைக்காம இருக்க நான் என்ன பைத்தியமா?"

திரும்பி வந்து, அவனைச் சாவியைத் திருகச் சொல்லி, மின்சாரம் போகிற வழியை முதலில் சோதித்தாள்; அதில் குறையில்லை. பிறகு ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்தாள். அங்கே மீட்டர் ஏறக்குறைய எதுவுமே காட்டக் கூடாது. அவன் சாவியைத் திருகியதும் எண் குபீரென்று ஏறியது. திரும்புகிற வழிதான். எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் கம்பியைத் தேடிப் பிடித்து லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

ஜம்பர் கேபிள் என்கிற தடித்த இணைப்புக் கம்பியை எடுத்துப் பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நேராக மாட்டினாள். "இப்பத் திருப்பு."

எஞ்சின் உறுமி, கரும்புகையைக் கக்கியது. "ஐயோ, என் துணி!" என்று மாடியில் அலறல்.

அவன் இறங்கி வந்து அந்தக் கம்பியை அவள் கையிலிருந்து பிடுங்கினான். "இப்பச் சொல்லு. நான் அறுத்தேனா?"

நுனி பச்சை பூத்திருந்தது. வெட்டின தடம் இல்லை; வருஷக்கணக்கில் அரித்த அரிப்பு.

"தானா அரிச்சிருக்கு" என்றாள்.

"தெருவே கேக்கக் கத்தினே இல்ல? இதையும் அதே மாதிரி கத்திச் சொல்லு."

அவள் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். "நீ செய்யலன்னு இப்பத் தெரிஞ்சுது. செய்யமாட்டேன்னு தெரியல."

அவன் கம்பியை அவள் காலடியில் எறிந்துவிட்டு மாடியேறினான்.

மருத்துவமனையில் எஞ்சினை அணைக்கப் பயந்து, அது ஓட ஓடவே மூட்டைகளை இறக்கினாள். புகைக்குக் காவலாளி சத்தம் போட, அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். பாதிக் கோபம் அவளுக்கு அவள்மேலேயே இருந்தது. அது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும் வழியில் புதுக் கம்பி வாங்கி மாட்டினாள். கூடவே பானெட்டுக்கு ஒரு சங்கிலியும் பூட்டும்.

"யாருக்குடி பூட்டு? என் மகனுக்கா, துருவுக்கா?" மாமியார் மேலிருந்து கேட்டாள்.

"உங்க மகனுக்குத்தான், அத்தை."

அடுத்த வாரம் அவன் கொத்தனாரைக் கூட்டி வந்து முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பினான். படியில் நின்றுகொண்டு, "இன்னும் நாலு விரல் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டுங்க" என்றான். சுவர் அவள் வண்டியை ஒட்டி வந்துவிட்டதால், டிரைவர் பக்கக் கதவைத் திறக்க இடமில்லை. அவள் இப்போது மறுபக்கமாக ஏறித்தான் ஓட்டுகிறாள்.