தாலிக் குண்டும் இரண்டு வாக்குவம் கிளீனர்களும்

விராலிமலைப் பக்கம் பைபாஸ் ஓரம் இருக்கும் என் கல்யாண மண்டபம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் நானே சொல்லியிருப்பேன்!

போன முகூர்த்தத்தன்று அங்கே ஒரு பந்தயம். மோதியது இரண்டு வாக்குவம் கிளீனர்கள்.

ஒன்று என்னுடையது. அஞ்சாவது தாண்டாதவன் நான். சமையல் பாத்திரம் வாடகைக்கு விட ஆரம்பித்து, இன்றைக்கு ஏசி மண்டபம், மேடை முழுக்கச் சிவப்புக் கார்ப்பெட். கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது எல்லோரும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் மூலையில் கிடந்த இதைத் தூக்கி வந்தேன். கண் இருக்கிறவனுக்குத்தானே தெரியும்?

நின்றபடியே தள்ளுகிற வகை. தலைப்பாகம் மொத்தமும் வார்ப்பு அலுமினியம். உள்ளே சுழல்கிற ஃபேனும் உலோகம். இருட்டு மூலைக்கென்று முன்னால் ஒரு குட்டி லைட் வேறு! ஸ்விட்சைப் போட்டால் முதுகிலுள்ள துணிப்பை உப்பிக்கொண்டு... விருந்து சாப்பிட்ட சம்பந்தி மாதிரி நிற்கும். இத்தனை வருஷத்தில் போனது பெல்ட் மட்டும்தான். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினேன் — இன்னும் ஓடுகிறது.

இன்னொன்று, மண்டபக் கணக்குவழக்கைப் பார்க்கும் என் மருமகள் செல்வி வாங்கி வந்தது. ஹோட்டல்களுக்கென்றே செய்கிற கமர்ஷியல் மிஷின். பானை வாங்குகிறவன் மாதிரி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக்!

"என்னத்தா இது, டிபன் பாக்ஸா?"

"தட்டுனது போதும் மாமா. வயரைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தேன். கிணற்று மோட்டார் வயர் அளவுக்குத் தடிமன். கைப்பிடி ஸ்டீல் குழாய். சுவரில் இடித்தாலும் சேதமில்லாதபடி சுற்றிலும் ரப்பர். வீட்டு மிஷின்களில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் மிஷினே குப்பைக்குப் போகும். இதில் எல்லாம் ஸ்க்ரூ — கழற்றலாம், மாற்றலாம். மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். வெளியே சொல்வேனா?

"கார்ப்பெட்ல காட்டு, பார்ப்போம்."

காலையில் தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். சாயங்காலம் அதே மேடையில் வேறொரு வீட்டு நிச்சயதார்த்தம். மேடையில் இடப் பாதி எனக்கு, வலப் பாதி செல்விக்கு. என் மிஷின் கிளம்பியதும் பந்தியில் இருந்தவர்கள் ஜெனரேட்டர் ஓடுவதாக நினைத்தார்களாம். நடுவில் 'டங்'கென்று ஒரு சத்தம்.

"மாமா, என்னமோ உள்ள போச்சு!"

"போகட்டும்த்தா. இது இரும்பையே திங்கும்!"

முடித்து நிமிர்கிறோம்... பெண்ணைப் பெற்ற அம்மா சாப்பிட்ட கையோடு ஓடி வருகிறார்.

"அண்ணே, மோசம் போயிட்டேன்! பின்னால தாலியோட சேத்துக் கோக்கணும்னு சாமிகிட்ட வச்சு எடுத்த தாலிக் குண்டு ரெண்டையும் அட்சதைத் தட்டுலயே வச்சுட்டோம். இப்ப ஒண்ணுதான் இருக்கு. யாரோ அரிசியோட சேத்து அள்ளி வீசிட்டாக! சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, வந்த அன்னைக்கே அபசகுனம்னு எம்மகளைப் பேசுவாகளே..."

அந்த 'டங்' என் காதில் மறுபடி அடித்தது.

தாலிக் குண்டு என்றால் காகிதம் போன்ற தங்கத் தகடு, உள்ளே வெற்றிடம். என் மிஷின் உறிஞ்சுகிற எதுவும் முதலில் ஃபேனில் அடிபட்டுத்தான் பைக்குப் போகும். அந்த அடியைத் தாங்கத்தான் செய்தவன் உலோக ஃபேன் வைத்தான். ஃபேன் தாங்கும். குண்டு?

பையை அவிழ்த்துப் பேப்பரில் கொட்டி அளைந்தேன். அகப்பட்டது, இரண்டாகப் பிளந்த கொட்டைப்பாக்கு. ஃபேனில் ஒரு கீறல் இல்லை! வேறு நேரமாக இருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பேன். அந்தம்மாவோ பிளந்த பாக்கைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழாதீங்கத்தை, இங்கிட்டுப் பாருங்க."

செல்வி தன் மிஷினின் குப்பை டப்பாவைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். கண்ணாடி மாதிரி டப்பா. மஞ்சள் அரிசிக்கு நடுவே பளிச்சென்று தாலிக் குண்டு. ஒரு நசுங்கல் இல்லை! அந்த மிஷினில் குப்பையெல்லாம் டப்பாவிலேயே தங்கிவிடுமாம்; காற்று மட்டும்தான் ஃபேன் பக்கம் போகுமாம்.

அந்தம்மா செல்வியின் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். என் மிஷினை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, இதைக் கல்யாண மேடையில ஏத்தாதீக. நெல்லுக் குத்த வச்சுக்கங்க!"

செல்வி சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது.

உறுதி என்றால் அடி தாங்குவது என்றே நினைத்திருந்தேன். நான் வளர்ந்ததும் அப்படித்தானே? அடியே விழாதபடி வழியை மாற்றி வைப்பதும் உறுதிதான் போலிருக்கிறது. இந்த இரண்டு மிஷினையும் செய்தவர்கள் கைக்குத் தங்க மோதிரம் போடலாம்.

இப்போது மேடை, செல்வியின் மிஷினுக்கு. மாப்பிள்ளை அழைப்புக்கு விரிக்கிற வாசல் கார்ப்பெட், என் ஆளுக்கு.

கொட்டைப்பாக்கு அங்கேதான் அதிகம் விழும்... விழட்டும்!