மாலை இல்லாத பேனர்

பிளெக்ஸ் பேனர் தொழிலில் பிறந்தநாளுக்கும் காரியத்துக்கும் ஒரே அளவுதான், ஆறடிக்கு நாலடி. பூ மட்டும் மாறும். சார்மினார் இருக்கும் இந்த ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பத்தொன்பது வருடமாக இதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். வட்டத் தலைவர் பிறந்தநாள், கல்யாணம், சாவு எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாகக் கடைக்கு வந்து சேர்ந்தது கொரியா. கஸ்டமர் "உடனே வேணும்" என்றால் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்திருக்கும் சக டிசைனர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

கறுப்பு வெள்ளைப் படம்

பவித்ரா எனக்குப் பழக்கமான பெண்தான். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் மூர்த்தியின் ஒரே மகள், டிகிரி இரண்டாம் வருடம். நம் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் நாம் தமிழில் கேட்டால் அவளுக்கு எந்த பாஷை வாயில் வருகிறதோ அதில் பதில் வரும், வேண்டாம் என்றால் "நக்கோ", ஆமாம் என்றால் "ஹவ்" என்று இந்த ஊர் உருதுவும் கலந்து. ஒருநாள் இரண்டு தோழிகளோடு வந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "நாளைக்கு வேணும் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். கறுப்பு வெள்ளைப் படம். தலை குனிந்த ஒரு சின்னப் பையன், கீழே பெயர், மறுநாள் தேதி. கறுப்பு வெள்ளைக்கு என் கைக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று. பாவம், இந்த வயதில் போய்விட்டானே என்று உச்சுக் கொட்டிக்கொண்டே செவ்வந்தி மாலை போட்டேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன். மேலே தெலுங்கில் அஞ்சலி வாசகமும் சேர்த்தேன்.

காலையில் விரித்துக் காட்டினால் ஒரு தோழி வீல் என்று கத்தினாள், இன்னொருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். அவன் இவர்கள் உயிராக நினைக்கும் கொரியப் பாடகனாம். அன்று அவனுக்குப் பிறந்தநாளாம். பவித்ரா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "நக்கோ அங்கிள், மாலைய எடுங்க! அவன் உசுரோட இருக்கான்!"

கப்புக்குச் சட்டை

அதற்குப் பிறகு அவர்கள் என் நிரந்தர கஸ்டமர்கள். பாடகன் சியோலில் இருப்பான், பிறந்தநாள் ஹப்சிகுடாவில் ஒரு காபிக் கடையில் நடக்கும். காபி கப்பைச் சுற்றி அவன் படம் போட்ட அட்டைச் சட்டை மாட்டித் தருவார்கள். காபி ஆறிப்போனாலும் கவலையில்லை, சட்டை கசங்காமல் வீட்டுக்குப் போகவேண்டும். இன்னொன்று அவன் முகம் போட்ட போட்டோ கார்டு. உள்ளங்கை அளவு, நான்கு மூலையும் வளைவாக இருக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் திரும்பி வந்துவிடும். தோசை சாப்பிட்டால் தோசைக்கு முன்னால் அந்தக் கார்டைப் பிடித்து ஒரு படம். தங்களையே எடுத்துக்கொண்டால் முகத்துக்கு முன்னால் கார்டு. "மூஞ்சிய ஏம்மா மறைக்கிறே?" என்று கேட்டதற்கு, "ஹவ் அங்கிள், எங்க ஆளுங்க எல்லாம் அப்படித்தான்" என்றாள் பவித்ரா.

அந்த வருடம் அவன் ராணுவத்துக்குப் போனான். அந்த நாட்டில் பாடகனானாலும் போய்த்தான் ஆகவேண்டுமாம், ஒன்றரை வருடம். "காத்திருப்போம்" என்று ஒரு பேனர் அடித்துக் கொடுத்தேன். வாங்க வந்த பவித்ராவின் கையில் நீல நீலமாகத் திட்டுகள். பஸ்ஸில் இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து, கேட்காமல் விட்டேன். போகும்போது சொன்னாள்: "அவன் திரும்பி வர்ற அன்னிக்கு வெல்கம் பேனர் நீங்கதான் அடிக்கணும். மாலை இல்லாம!"

வரிசை

அது இடித்த காயமில்லை. உடம்பு ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை யாராவது ரத்தம் கொடுத்தால்தான் அவள் எழுந்து உட்காருவாள். மூர்த்தி முதல் முறையாக என் கடைக்கு வந்தது சண்டை போட. ராத்திரியெல்லாம் போனில் அந்தக் கொரியாக்காரனைப் பார்த்துப் பார்த்துத்தான் பெண் கெட்டாள், நீயும் படம் அடித்துக் கொடுத்துத் தூபம் போட்டாய் என்றார். நோய் அப்படி வருவதில்லை என்று அவருக்கும் தெரியும். யாரையாவது திட்டவேண்டியிருந்தது, என் கடை திறந்திருந்தது.

பாடகன் பிறந்தநாளுக்கு அவன் பேரில் தர்மம் செய்வது இந்தப் பிள்ளைகளின் வழக்கம். அந்தத் தடவை கேக்கை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் பேனர் கட்டினேன், அதே பையன் சிரித்த முகத்தோடு. போவன்பள்ளி மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு அப்படியே வந்த ஒருவன்கூட வரிசையில் நின்றான். எடை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பெண்கள் படியில் உட்கார்ந்து அழுதார்கள். மூர்த்தி அந்த வரிசையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "சொந்தக்காரனுங்க போனே எடுக்கல சார். இவங்கள்லாம் எதுக்கு வர்றாங்க?"

கார்டுக்குப் பின்னால்

பாடகன் திரும்பி வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. பவித்ரா போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மூர்த்தி அவள் போனை எடுத்துக்கொண்டு வந்தார், காரியத்துக்குப் பேனர் அடிக்க. கூட அவள் தோழி ஒருத்தி. ஆயிரக்கணக்கில் படம் இருந்தது. சார்மினார், டேங்க் பண்ட், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எல்லா இடத்திலும் பவித்ரா இருந்தாள், எல்லாவற்றிலும் முகத்துக்கு முன்னால் அந்தக் கார்டு. தோழி போனிலும் அதே கதை. கார்டு இல்லாதது பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம் ஒன்றுதான். அது குழந்தை முகம். "இது எம்பொண்ணு இப்ப இருந்த மாதிரி இல்ல" என்று மூர்த்தி அதை ஒதுக்கி வைத்துவிட்டார். கல்யாணப் படத்திலிருந்து சண்டைபோட்ட மச்சானை அழித்துக் கொடுத்தவன் நான். கார்டை எடுப்பது நிமிட வேலை. கம்ப்யூட்டர் அந்த இடத்தில் தானாகவே ஒரு முகம் வரைந்து கொடுத்தது. அழகான முகம்தான், யாரோ ஒருத்தியின் முகம். மூர்த்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். இதைச் செய்திருக்கவே கூடாது என்று இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கடைசியில் ஒரு படத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். கார்டுக்கு மேலே அவள் கண் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்தால் போதும் என்றார். என் கை பழக்கதோஷத்தில் செவ்வந்தி மாலையைத் தேடி எடுத்து மாட்டியது. அவர் திரையைக் கிட்டே வந்து பார்த்தார். "மாலை அந்தப் பையன் மேலயும் விழுது சார். அவன் உசுரோட இருக்கறவன், நல்லா இருக்கட்டும். மாலை நக்கோ."

பவித்ரா கேட்டுக்கொண்டபடி மாலை இல்லாமல்தான் அடித்துக் கொடுத்தேன், வரவேற்பு பேனர் என்று அவள் சொன்னது ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.