வடகம் காய்ந்த கார்

எனக்கு எண்பத்தொரு வயது. நான் பெற்றது ஆறு, தமக்கை விட்டுப்போனது இரண்டு, எல்லாமாக எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினவள் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்து வைப்பேன், பஸ்ஸின் நம்பர் பார்த்து ஏறுவேன். மிச்சத்தை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழகின எழுத்து, மெல்லத்தான் வரும். நானும் மெல்லத்தான் சொல்லுவேன்.

போன கிழமை, நாடு விட்டு வந்து நாங்கள் இருக்கிற மல்வேர்ன் வீட்டில், நான் சமைக்கிற குசினியில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பூமி ஏன் சூடாகிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று விளங்கப்படுத்த வேண்டுமாம். போன முறை இப்படி எழும்பி நின்றபோது பாதியில் சொல் வராமல் போய்விட்டது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறுபடியும் சிரிப்பார்களோ என்று பயம்.

"அம்மம்மா, உங்களுக்குச் சொல்லிப் பாக்கிறன். உங்களுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும்."

"ஏன், நான் என்ன அவ்வளவு மொக்கோ?"

"ஐயோ, சொறி அம்மம்மா. கேளுங்கோ."

(இந்த இடத்தை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.)

வெயில் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே வந்து நிலத்தைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு திரும்பி வெளியே போகப் பார்க்கும்போது, கரியும் பெற்றோலும் எரித்து நாம் சேர்த்துவிட்ட, கண்ணுக்குத் தெரியாத வாயு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செடி வளர்க்கிற கண்ணாடி வீடு மாதிரி என்றாள். கண்ணாடி வீட்டை நான் கண்டதில்லை. கேட்டால், அவளும் கண்டதில்லை.

"நீயே காணாததை அதுகளுக்கு எப்பிடிக் காட்டுவாய்?" என்று கேட்கும்போதுதான் சின்ன மாமாவின் கார் நினைவுக்கு வந்தது.

ஊரில், எனக்கு அப்போது ஒன்பது வயது. சின்ன மாமா வாடகைக்கு ஓடுகிற கறுப்புக் கார் ஒன்று வைத்திருந்தார். அதற்குக் கிட்டப் போனால் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுவார். கழுவின பிறகும் தொட விடமாட்டார். அன்று பின்னேரம் அவருக்குப் பெண் பார்க்கப் போகிற நாள். விடியவே காரைக் கழுவி முற்றத்து வெயிலில் விட்டுவிட்டு, தலைமயிர் வெட்டுவிக்க சைக்கிளில் போய்விட்டார்.

அம்மா வேப்பம்பூ வடகம் தட்டி, இரண்டு சுளகில் காயவைத்துவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனார். காகத்துக்குக் காவல் நான். எனக்கோ பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டும். வாத்தியார் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து பூமி உருண்டை ஒன்று இரவல் வாங்கி வருகிறார், மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிடுவார். வடகத்தை விட்டுப் போனால் காகம் தின்னும், போகாவிட்டால் உருண்டை போய்விடும்.

அந்த வளவில் வேறு ஆருக்கும் அந்த மூளை வந்திராது. இரண்டு சுளகையும் காரின் பின் ஆசனத்தில் வைத்தேன். நாலு கதவின் பிடியையும் சுற்றிக் கண்ணாடிகளை ஏற்றினேன். கதவைச் சாத்திவிட்டு ஓடினேன்.

உருண்டை மேசையில் இருந்தது. முழுக்க நீலக் கடல். ஒவ்வொருவரும் ஒரு விரலால் தொடலாம் என்றார் வாத்தியார். தொட்டேன். குளிர்ந்து கிடந்தது.

திரும்பி வரும்போது இரண்டு காகங்கள் காரின்மேல் நின்று கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தன. புது முடிவெட்டோடு வந்த மாமா கதவைத் திறந்தார். வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்ந்த கொதி ஆவி முகத்தில் அடித்தது.

"அக்கா! ஆர் என்ரை காருக்குள்ளை சமைச்சது?"

தோட்டத்தால் வந்த அம்மா எனக்கு அடிக்க ஈர்க்குக் கட்டை எடுத்தார். பிறகு ஒரு வடகத்தை உடைத்துப் பார்த்தார். மூன்று நாள் வெயிலில் காய்வது ஒரு காலையில் காய்ந்திருந்தது. ஈர்க்குக் கட்டைத் திரும்ப வைத்துவிட்டார்.

மாமா நாலு கண்ணாடியையும் இறக்கி, விசிறியால் விசிறி, பன்னீரும் தெளித்தார். சூடு போனது, மணம் போகவில்லை. அந்தக் காரில்தான் போனார்கள், உடுப்பெல்லாம் அதே மணம். பெண் வீட்டில் அந்தப் பிள்ளை தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தாளாம், சிரிப்பை அடக்க முடியாமல், "வடகமும் கொண்டு வந்தவையோ?" என்று தாயிடம் கேட்டாளாம். மாமாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் பிறகு எங்கள் மாமி.

பேத்தி கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினாள்.

"அம்மம்மா, உதுதான்! ஆனா காரும் பூமியும் முழுக்க ஒண்டில்லை எண்டும் சொல்லோணும். கார் கண்ணாடி காத்தையும் மறிக்கும்."

"சரி. மாமா மாதிரிக் கண்ணாடியை இறக்கினா முடிஞ்சுதுதானே?"

"கெதியா இறக்கேலாது. முதல்லை எரிச்சு எரிச்சு வாயுவை மேலை ஏத்திறதை நிப்பாட்டோணும். நிப்பாட்டலாம் அம்மம்மா. அதைத்தான் கடைசியாச் சொல்லப்போறன்."

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே கேட்டேன்: "சிரிச்சவையோ?"

"சிரிச்சவை. மாமாவுக்கு."

பிடியைச் சுற்றிக் கண்ணாடி இறக்குகிற காரை அந்தப் பிள்ளைகள் கண்டதே இல்லையாம். இவள் கையால் சுற்றிக் காட்டியிருக்கிறாள். உடனே வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கிச் சுற்றி, இல்லாத கண்ணாடியை இறக்கியதாம். ரீச்சரும் சேர்ந்து சுற்றினாவாம்.

அன்று காரின் பிடிகளைச் சுற்றிவிட்டு ஓடிப்போய் உருண்டையில் விரல் வைத்தவளுக்கு, இரண்டும் ஒரே கதை என்று தெரியாது. குளிர்ந்து கிடந்தது, எப்போதும் அப்படித்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு விரலை எடுத்தேன்.

எங்கை பிள்ளை, எழுதினதை வாசி பாப்பம். மொக்கு எண்ட இடத்தையும் விடாமல் வாசி.