மாதா தொட்டியில் முளைத்த மஞ்சள் பூ

எங்கள் அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபத்தில் நீளுகிற வாய் இல்லை, குஷியில் நீளுகிற வாய். ஒருமுறை எங்கள் தாமான் குடியிருப்புப் பையன்களின் காற்பந்துப் போட்டியில் எங்கள் தெரு தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தெரு தோற்றது. சொன்னால் சொன்னபடி செய்கிறவர் என்பதால் அன்று சாயங்காலமே மீசையும் போயிற்று. அது திரும்ப முளைக்கிறவரை அம்மா அவருக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சோறு போட்டார். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமாம்.

அதே வாயால்தான் அத்தையின் கல்யாண விஷயத்திலும் மாட்டிக்கொண்டார்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. இருவரும் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு, பள்ளிச் சீருடையோடு இருந்த தங்கையை அழைத்துக்கொண்டு, துறைமுகத்தில் வேலை கிடைத்ததென்று அப்பா கிள்ளானுக்கு வந்துவிட்டார். அத்தை வளர்ந்து எங்கள் தாமானுக்கு வெளியே ஒரு மினி மார்க்கெட்டில் காசாளராக இருந்தார். எனக்குத் தலை பின்னுவது அத்தை. அப்பாவின் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போடுவது அத்தை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறிக்கு உப்புப் பார்ப்பதும் அத்தைதான், சமைப்பது அம்மா என்றாலும். வந்த வரன்களையெல்லாம் அப்பா ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தார். ஒருவருக்குக் குடி. ஒருவருக்கு வழுக்கை. ஒருவர் நல்லவர்தான், ஆனால் ஜொகூர். அவ்வளவு தூரம் யார் போய் வருவது?

பிறகு லோரிக்காரர் வந்தார். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவந்து அத்தையின் கடையில் இறக்குகிறவர். சொந்த லோரி. குடி கிடையாது, தலை நிறைய முடி, வீடு செமினியில், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அப்பா பாவம், குறை கண்டுபிடிக்கத் தவித்துப்போனார். கடைசியில் ஒன்று கிடைத்தது. நாங்கள் கத்தோலிக்கர், அவர் மெத்தடிஸ்ட்.

“அவங்க வீட்டுல ஒரு மாதா படம்கூட இருக்காது லா” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் நாலாம் ஆண்டு. மாதா படம் இல்லாத வீட்டில் சுவரில் எதை மாட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை புதன்கிழமை கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போனார், வந்தார், எனக்குத் தலை பின்னினார். முன்பைவிட இறுக்கிப் பின்னினார், அவ்வளவுதான்.

மே மாதம் எங்களுக்கு மாதா மாதம். எங்கள் வட்டாரத்துக் கிறித்தவக் குடும்பங்கள் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலாகக் கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். அப்படி ஒரு வீட்டில் ஜெபம் முடிந்து மீகூன் சாப்பிடும் நேரத்தில், பக்கத்து வீட்டு ஆன்டி அத்தையின் பேச்சை எடுத்தார். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எழுந்து நின்றாலே ஆபத்து என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அம்மா தூரத்தில் இருந்தார்.

“மாதாவே ஒரு அடையாளம் காட்டட்டும். நான் மறுபேச்சு பேசாம கட்டிக் குடுக்குறேன், போதுமா?”

எல்லோரும் ஆமென் என்றார்கள். மாதா கிள்ளான்வரை வந்து மெத்தடிஸ்ட்டுக்குப் பரிந்து பேசப்போவதில்லை என்கிற தைரியத்தில், அப்பா இன்னொரு தட்டு மீகூன் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜெபமாலை எங்கள் வீட்டில். போர்ட்டிக்கோவின் ஓரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மாதா கெபி உண்டு. கல்லடுக்கிச் செய்த குகை, உள்ளே முழ உயரச் சொரூபம், முன்னால் ஒரு பூந்தொட்டி. அந்தத் தொட்டியில் அம்மா வைத்த ரோஜா பட்டுப்போய்க் குச்சியாக நின்றது. குச்சியின் பக்கத்தில் யாரும் வைக்காத ஒரு செடி என் முழங்கை உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பொடிப்பொடியாய் மஞ்சள் பூ பூத்திருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்த பக்கத்து வீட்டு ஆன்டி நிமிரவே இல்லை.

“நாலு இதழ் பாருங்க! சிலுவை மாதிரியே இருக்கு! அண்ணே, இங்க வாங்க, உங்க அடையாளம் வந்துருச்சு!”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நாலே இதழ், அசல் சிலுவை. ஒரு பூ இல்லை, பூத்த பூவெல்லாம் சிலுவை. சிலர் முழந்தாளிட்டார்கள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். அன்று டீயில் சீனி இல்லை. என்னைத் தவிர யாரும் கவனிக்கவுமில்லை.

இரவோடு இரவாக அப்பா செடியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இது என்ன செடி, தெரிந்தவர்கள் சொல்லவும். சுங்கை பூலோ பெரியப்பா நாய்க்கடுகு என்றார். அவர் மகன் இல்லை என்றார். ஒரு சித்தி, சர்க்கரை வியாதிக்கு நல்லது, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடவும் என்றார். சிங்கப்பூரில் இருந்து ஒருவர் கைகூப்பும் படம் மட்டும் போட்டார். ஆளுக்கொரு பதில் வந்ததில் அப்பாவுக்குத் தலை சுற்றிவிட்டது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான சயின்ஸ்ல புலி. கண்டுபிடிச்சிச் சொல்லு பாப்போம். இது அதிசயமா, இல்ல சாதாச் செடியா?”

நான் புலியாக மாறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் பள்ளி நூலகத்திலிருந்து படம் போட்ட தாவரப் புத்தகம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தேன். தொட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, அத்தையின் தையல் ஊசியால் ஒரு பூவைப் பிரித்தேன். இதழ் நாலு. உள்ளே மகரந்தத் தாள் ஆறு. அதில் நாலு நெட்டை, இரண்டு குட்டை. பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிசாக, லேசாய் வளைந்த காய். பிளந்தால் ஊசிமுனை அளவு விதைகள். அம்மா வந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். பிறகு வாயில் போட்டு மென்றார்.

“காரமா இருக்குடி. கடுகுக் கீரை மாதிரி.”

அதோடு முடிந்தது. புத்தகத்தில் அதே படம் இருந்தது. முட்டைக்கோஸ் குடும்பத்துக் காட்டுச் செடி. ஈர மண்ணில் தானாக வரும் களை. அந்தக் குடும்பத்தில் பூக்கிற எல்லாமே இப்படித்தான் பூக்கும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, எல்லாவற்றுக்கும் நாலு இதழ், எல்லாமே சிலுவை. எங்கள் வீட்டில் கோபிஸ் என்று வாரத்துக்கு இருமுறை பிரட்டல் செய்கிற முட்டைக்கோஸைக்கூடப் பறிக்காமல் விட்டால் இதே பூதான் பூக்குமாம்.

சரி, களை எப்படி மாதா தொட்டிக்கு வந்தது? அதையும் விடவில்லை. வீட்டைச் சுற்றி வந்தேன். கழிவறைக் குழாய்க்குப் பக்கத்தில் அம்மாவின் மிளகாய்த் தொட்டிகள் இரண்டு. இரண்டிலும் அதே செடி, இன்னும் குட்டியாக. கழிவறைக்குப் பக்கத்தில் மாதா யாருக்கு அடையாளம் காட்டப் போகிறார்? அம்மாவிடம் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன் லோரிக்காரர் ஓர் அரிசிச் சாக்கில் கேமரன் மண் கொண்டுவந்து கொடுத்தாராம். எதைப் போட்டாலும் வரும் அக்கா என்று சொன்னாராம். அம்மா அதை இந்த மூன்று தொட்டிகளில் மட்டும் கொட்டியிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் எழுந்து நின்று தீர்ப்பு வாசித்தேன். எழுந்து நிற்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். இது அதிசயம் இல்லை, களை. விதை வந்தது லோரிக்காரரின் மண்ணில். அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“பாத்தியா! மாப்பிள்ள தானே விதைச்சு தானே பூக்க வச்சிருக்காரு!”

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து கைகழுவப் போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அதன் பிறகு அப்பாவும் சிரிக்கவில்லை. நாளைக்குப் பிடுங்கிவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா கெபியின் முன்னால் நின்றிருந்தார். செடி அப்படியே இருந்தது. அப்பாவின் கையில் தண்ணீர்க் குவளை.

“வெயில் ஜாஸ்தி” என்றார் என்னைப் பார்த்து. பிடுங்கப் போகிற செடிக்கு வெயில் ஜாஸ்தியானால் என்ன என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பள்ளி வேன் வந்துவிட்டது.

சனிக்கிழமை லோரிக்காரர் வந்தார். அம்மாவுக்குக் கொஞ்சம் காய்கறி கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மலைக்குப் போய் நேரே வந்திருந்தார். அடையாளம், வாட்ஸ்அப், என் தீர்ப்பு, ஒன்றும் அவருக்குத் தெரியாது, அத்தை சொல்லவில்லை. அப்பா போர்ட்டிக்கோ நாற்காலியில் உட்கார்ந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தார். இந்த மண் விஷயத்தை இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று காலையிலிருந்தே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அதுவரை அவர் லோரிக்காரரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மிஸ்டர் என்றால் வாசலோடு நில் என்று பொருள்.

அவர் கேட்பதற்குள் லோரிக்காரரின் கண் தொட்டியில் விழுந்தது.

“என்னக்கா இது, மாதா முன்னாடி போயி களைய வளத்து வச்சிருக்கீங்க? மேல தோட்டத்துல இதப் பிடுங்கியே ஆளுங்களுக்கு இடுப்பு ஒடியுது. இருங்க, நான் எடுத்துடுறேன்.”

காய்கறிக் கூடையை வைத்துவிட்டுக் குனிந்தார். இரண்டு விரலால் அடித்தண்டைப் பிடித்தார். அம்மா ஐயோ என்றார். கதவோரம் நின்ற அத்தை துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டார். தன் வாழ்க்கையையே வேரோடு பிடுங்கப் போகிறோம் என்று தெரியாமல், அந்த மனுஷன் வேர் அறாமல் வரவேண்டுமே என்று மண்ணை இளக்கிக்கொண்டிருந்தார்.

“டேய், விடு லா!”

அப்பாவின் குரல். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். லோரிக்காரர் சூடு பட்டவர்போலக் கையை எடுத்தார். மிஸ்டர் போய் டேய் வந்ததை அவர் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும். உள்ள வா. டீ குடிச்சிட்டுப் போ.” அப்பா வாசற்கதவை அகலத் திறந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “கல்யாணத்த எங்க கோயில்ல வச்சா உங்க வீட்டுல வருவாங்கதான?”

“அப்பா, நான்தான் சொன்னேன்ல, அது...” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்திவிட்டது. அந்தக் கையில் வெங்காய வாடை. இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்ததை ஒரு டீயில் கரைத்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்று டீயில் சீனி ரொம்ப அதிகம். அதையும் நான்தான் கவனித்தேன்.

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கல்யாணம் நடந்தது. அத்தை கிளம்பும்போது அப்பா மாதா தொட்டியைத் தூக்கிவந்து காரில் அவர் காலடியில் வைத்தார். பழைய செடி காய்ந்து, உதிர்ந்த விதையிலிருந்து புதுக்கன்றுகள் எழும்பியிருந்தன. அத்தை தொட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கல்யாணப் புடவையில் மண் ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார். லோரி மாமா, அன்றிலிருந்து அவர் எனக்கு லோரி மாமா, காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

கார் தெருமுனை திரும்பியதும் அப்பா வீட்டின் பின்பக்கம் போனார். மிளகாய்த் தொட்டியிலிருந்து ஒரு குட்டிச் செடியை மண்ணோடு பெயர்த்து, காலி மைலோ டப்பாவில் நட்டு, கெபியின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கல்யாணச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

“இது யாருக்குப்பா அடையாளம்?”

“சும்மா வச்சிருக்கேன்மா.”

அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதழ் நாலு, தாள் ஆறு, நாலு நெட்டை, இரண்டு குட்டை, முட்டைக்கோஸ் குடும்பம், ஈர மண்ணில் தானாக வரும். அப்பா தலையைக் குனிந்தபடி, புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கடைசிவரை கேட்டார். என் விளக்கத்தில் எங்கோ ஓர் இடம் தெளிவாக இல்லை என்று நினைத்து, மறுபடியும் இதழிலிருந்து தொடங்கினேன்.