பட்டினி போட முடியாத எலுமிச்சை

எங்கள் வீட்டு எலுமிச்சை இந்த வருஷமும் பூக்காவிட்டால், அதை வெட்டிவிட்டு ஸ்கூட்டர் நிறுத்த இடம் செய்யப்போவதாக அப்பா சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் தண்ணீர் விடாமல் வாடவிட்டால் பூக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்து, எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

இன்று பள்ளி விட்டு வந்து பார்த்தால் மரத்தடி ஈரமாக இருந்தது.

"ஏட்டி, அரிசி கழுவுன தண்ணிதான். அதெல்லாம் ஒரு தண்ணியா?" என்றார் அம்மா.

"இலை சுருண்டு நிக்கு, பாக்கவே பாவமா இருந்துச்சி. நானும் ஒரு குடம் ஊத்துனேன்," என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அத்தை.

சாயங்காலம் அப்பாவே வாளியோடு நின்றார். "வெட்டப்போற மரம்தாம்ளா. அதுக்காவ தாகத்தோட நிக்கணுமா?"

மரம் மறுபடி செழிப்பாக நிற்கிறது. பூதான் இல்லை.

உங்கள் வீட்டில் இரக்கமில்லாதவர்கள் யாராவது இருந்தால், ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.